மூன்று விநாடியில் மறைந்துவிடும் கை

மைத்துனன் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறையில் இருக்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தான்: “மாமா, நீங்க வெக்டர் எல்லாம் யூடியூப் பார்த்துத்தானே கத்துக்கிட்டீங்க? எனக்கும் ரெண்டு சேனல் சொல்லுங்க. ஒரு மாசத்துல வந்துரும்ல?”

வந்துரும் என்று சொல்ல வாய் வரவில்லை. வராது என்று சொன்னாலும் பொய். நான்கு வருஷமாக என் ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டுகிற அத்தனை டிசைனும் வீடியோ பார்த்துக் கற்றதுதான். காசு கொடுத்து ஒரு கோர்ஸும் வாங்கினேன், தள்ளுபடியில் 449 ரூபாய். அதில் இருந்தது எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெக்டர் என்றால் புள்ளி புள்ளியாக இல்லாமல் கோடும் வளைவுமாகப் படம் வரைவது. அதற்கு நான் பயன்படுத்துவது இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள். காசில்லை, திருட்டு நகலுக்குப் பயப்பட வேண்டாம், யூனிகோட் தமிழை நேராகத் தட்டினால் கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். மென்பொருளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் மேல்தான். அதிலும் ஒரே ஒரு விஷயத்தில்.

அந்த மூன்று விநாடி.

15 நிமிட வீடியோ என்று வையுங்கள். முதல் 2 நிமிடம் வணக்கம், பெல் பட்டன், போன வீடியோவுக்குக் கிடைத்த ஆதரவு. அப்புறம் புது ஃபைல் திறப்பதை விலாவாரியாகச் சொல்வார். நிறம் எப்படி மாற்றுவது என்று 3 நிமிடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறகு எதற்காக நாம் அந்த வீடியோவைத் திறந்தோமோ அந்த இடம் வரும். வந்ததும் மனிதர் பேச்சை நிறுத்திவிடுவார். மவுஸ் இங்கே போகும், அங்கே போகும், திரையில் என்னவோ ஆகும். “அவ்வளவுதான் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப சிம்பிள்.”

என்ன அமுக்கினார்? எதைப் பிடித்து இழுத்தார்? தெரியாது.

முதல் வருஷம் ஒரு தாமரை. டாட்டா ஏஸ் வண்டி ஒன்றின் முன் கண்ணாடிக்கு. வீடியோவில் அவர் பாதித் தாமரை வரைந்தார். அடுத்த கணம் திரையில் முழுத் தாமரை நிற்கிறது. இடையில் நடந்தது இது என்று இப்போது தெரியும்: கண்ட்ரோல்-டி அடித்து நகல் எடுத்தார், ஹெச் எழுத்தைத் தட்டி இடம் வலமாகத் திருப்பினார், கண்ட்ரோலைப் பிடித்தபடி நேர்கோட்டில் நகர்த்தி ஒட்டினார். மொத்தம் மூன்று விநாடி. அன்றைக்கு எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. அதுகூடப் பரவாயில்லை. அவர் செய்யாமல் விட்ட நாலாவது வேலை ஒன்று இருந்ததே, அதுதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு பாதியும் ஒரே சிவப்பு. திரையில் பார்த்தால் ஒரே பூ. ஸ்டிக்கரைக் கத்தியால் வெட்டும் மெஷினான பிளாட்டருக்கு நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கோடுதான். இரண்டு பாதிகளும் நடுவில் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தன. ஆகவே பூவின் நட்ட நடுவே மேலிருந்து கீழாக இரண்டு வெட்டு. உரித்து எடுக்கும்போது நடுவில் ரிப்பன் மாதிரி ஒரு கீற்று தனியாக வந்தது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “இது பிஞ்ச பூவா தம்பி?” என்றார்.

இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒரே வடிவமாக இணைக்கும் யூனியன் கொடுத்திருந்தால் முடிந்தது. வியூ மெனுவில் போய், வெறும் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் காட்சிக்கு மாற்றிப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். இப்போது எந்த டிசைனையும் அவுட்லைனில் பார்க்காமல் வெட்ட அனுப்புவதில்லை. அந்தத் தாமரை வீடியோக்காரர் இதைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவர் பூ திரையோடு முடிந்துவிடுகிறது. வெக்டர் வீடியோக்களில் பெரும்பாலானவை திரைக்காகச் செய்யப்படுபவை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. கோட்டுக்குத் தடிமன் கொடுத்து அழகாக ஒரு வளையம் போட்டுக் காட்டுவார்கள். அதை அப்படியே பிளாட்டருக்கு அனுப்பினால் கத்தி கோட்டின் நடுவே ஒரே ஒரு வெட்டு போட்டுவிட்டு நின்றுவிடும். கோட்டின் தடிமனையே வடிவமாக மாற்றும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்தால்தான் அது உண்மையான வளையம். மைத்துனனின் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும், ஒரே நிறம் என்று மேலோட்டமாக நினைத்தது நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுக்கும்போது வேறு மாதிரி முழிக்கும். அவனுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது பழைய வீடியோக்கள். ஓர் ஆட்டோவின் பின் கண்ணாடிக்கு 16 அங்குல எழுத்து கேட்டார்கள். நான் நம்பிய வீடியோவில், ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று பலகையில் எழுதாத குறையாகச் சொல்லியிருந்தார். 16-ஐ 90-ஆல் பெருக்கி 1440 என்று போட்டேன். வெட்டி எடுத்து டேப் வைத்துப் பார்த்தால் 15 அங்குலம். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவருக்குப் பெட்ரோல் காசும் கொடுத்தேன். மெஷின் ஒரு பாவமும் அறியாதது. 2017 ஜனவரியில் வந்த இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று மாற்றிவிட்டார்கள், இணையப் பக்கங்களுக்கான கணக்கோடு ஒத்துப்போவதற்காக. 1440-ஐ 96-ஆல் வகுத்தால் 15. வீடியோ அதற்கு முந்தியது. அன்றிலிருந்து பிக்சல் என்ற வார்த்தையையே தொடுவதில்லை, எல்லாம் மில்லிமீட்டர்தான்.

2020-இல் 1.0 வந்தபோது அளவுகோலின் பூஜ்யம் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குப் போனது. 2023-இல் 1.3-இல் ஷேப் பில்டர் வந்தது. அதுவரை யூனியன், டிஃபரன்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு சாயங்காலத்தை விழுங்கிய வேலை, தேவையான துண்டுகளின் மேல் இழுத்துவிட்டால் முடிகிற வேலையானது. மென்பொருள் வளர்வது நல்லதுதான். ஆனால் தேடினால் மேலே வருவது இன்னும் பழைய வீடியோக்களாகத்தான் இருக்கின்றன. எந்தப் பதிப்பு என்று தலைப்பில் போட ஒரு கை விரல் போதும். போடுவதில்லை.

சரி, திட்டியது போதும். இவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எல்லோரையும் போல நானும் முதலில் டிரேஸ் பிட்மேப்பைத்தான் தெய்வமாகக் கும்பிட்டேன். “10 விநாடியில் எந்தப் படமும் வெக்டர்” என்று வீடியோ போடுகிறார்களே, அதுதான். வாட்ஸப்பில் வந்து வந்து மங்கிப்போன ஒரு லோகோவைக் கொடுத்தேன், வெக்டராகத்தான் வந்தது. கீழே பட்டையில் பார்த்தால் 2300 நோடு, அதாவது கோட்டை வளைத்துப் பிடிக்கும் புள்ளிகள். வெட்ட அனுப்பினால் பிளாட்டர் வழவழவென்று போகாமல் கர்ர் கர்ர் என்று பல்லைக் கடித்தது. ஒவ்வொரு நோடிலும் அது தயங்கித் தயங்கித் திரும்புகிறது. வளைவெல்லாம் எலி கொறித்த மாதிரி. நோடுகளைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கொடுத்தேன். குறைந்தது. அடுத்தடுத்து வேகமாகத் தட்டத் தட்ட இன்னும் கடுமையாகக் குறைக்கும் அது. கூடவே கூர் முனைகளெல்லாம் மழுங்கி, லோகோவே சப்பிப்போட்ட மிட்டாய் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரியவரின் வீடியோ கண்ணில் பட்டது. முகம் காட்டவில்லை, பின்னணி இசை இல்லை, ஆங்கிலம்தான், தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிறார். 40 நிமிடம். செய்வது ஒன்றே ஒன்று: ஆங்கில எஸ் எழுத்தை எடுத்து, அதிலிருந்து நோடுகளை ஒவ்வொன்றாக அழிக்கிறார். ஒன்றை அழித்ததும் நிறுத்துகிறார். வடிவம் கெட்டதா என்று பார்க்கிறார். கெடவில்லையென்றால், அது அங்கே இருந்திருக்கவே வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு விசையையும் அமுக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டு அமுக்குகிறார். அமுக்கிய பின் மறுபடி சொல்கிறார்.

அவர் சொன்னது இதுதான். நோடை வளைவு திரும்புகிற உச்சியில் வை: மேல் உச்சி, கீழ் உச்சி, இடக் கோடி, வலக் கோடி. அங்கே நோடிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் ஹேண்டில் படுத்தோ நின்றோ இருக்கட்டும், சாய வேண்டாம். கண்ட்ரோலைப் பிடித்து இழுத்தால் 15 டிகிரிக்கு ஒருதரம் நின்று நின்று போகும், நேராக வைப்பது சுலபம். ஒரு முழு வட்டத்துக்கு 4 நோடு போதும். ஹேண்டில் நீளம் ஆரத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். அதுகூடக் கணக்குப்படி துல்லிய வட்டம் இல்லை, ஆனால் விலகல் 0.03 சதவீதத்துக்கும் கீழே. எந்தக் கத்திக்கும் அது தெரியப்போவதில்லை.

அன்று இரவே ‘ஐ’ எழுத்தை எடுத்தேன். தமிழில் அதைவிட வளைந்து நெளிந்த எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிரேஸ் செய்ததில் 96 நோடு இருந்தது. கையால் வரைந்ததில் 22-இல் முடிந்தது. மறுநாள் காலை வெட்டக் கொடுத்தேன். மெஷின் சத்தமே மாறிப்போயிருந்தது. ஒரே இழுப்பு. உள் மூலையில் ஸ்டிக்கர் எங்கும் எழும்பவில்லை, சுற்றியுள்ள கழிவு முழுசாக ஒரே உரிப்பில் வந்தது. டீ ஆறியதுகூடத் தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் ஊரில் எந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலும் எழுத்தைப் படிப்பதில்லை, நோடு எங்கே இருக்கும் என்றுதான் கண் போகிறது. வீட்டில் இதற்குத் திட்டும் உண்டு.

பெசியேர் வளைவு என்கிற இந்த வளைவுக் கணக்கே கார் கம்பெனிகளில் பிறந்தது. 1959 வாக்கில் சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ என்ற கணிதக்காரர் கண்டுபிடித்தார். கம்பெனி அதை வெளியே விடாமல் ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் இருந்த பியர் பெசியேர் தன் வழியில் அதையே செய்து வெளியிட்டதால் பெயர் அவருக்குப் போயிற்று. கார் உடம்பை வளைக்கப் பிறந்த கணக்கு, சுற்றிச் சுற்றி வந்து எங்கள் ஊர் ஆட்டோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே செய்யச் சொல்லும் முறை. பளபளப்பு கிடையாது. ஆனால் கை எங்கே போகிறதோ அங்கே குரலும் போகும்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் முன்பு கடைக்கு ஒரு பையனை வேலைக்கு வைத்தேன். அவனுக்கு நட்சத்திர வரிசை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். “அண்ணே, நில்லுங்க. ஒண்ணுதான் இருந்துச்சு, எப்படி அஞ்சாச்சு?” என்றான். “இழுத்தேன், ஆச்சு” என்றேன். “இல்லண்ணே, வேற ஏதோ அமுக்குனீங்க.” நான் எதையும் அமுக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. மறுபடி மெதுவாகச் செய்தபோதுதான் தெரிந்தது, இழுக்கும்போதே இடது கட்டைவிரல் ஸ்பேஸ்பாரைத் தட்டுகிறது. தட்டத் தட்ட ஒரு நகல் விழுகிறது. எப்போது கற்றேன் என்று எனக்கே நினைவில்லை. ஆக அந்த வீடியோக்காரர்களும் மறைக்கவில்லை. கை செய்வது வாய்க்குத் தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் பக்கத்தில் பையன் நின்றான், கேட்டான். வீடியோவை யார் கேட்பது? அமுக்குகிற விசையைத் திரை ஓரத்தில் காட்டும் சின்ன மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெல் பட்டனுக்குத் தனியாக அனிமேஷன் செய்ய நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

நான் கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு. கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னால் போகும், கால்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னால். அந்த மூன்று விநாடியை அப்படித்தான் பிரித்து மேய்வேன். எந்த மெனு மின்னி மறைந்தது, மவுஸ் முனை எந்த உருவுக்கு மாறியது என்று பிடித்துவிடலாம். போனில் பார்த்துக்கொண்டு கற்கிறேன் என்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, வேகத்தை 0.25-க்குக் குறைத்துப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மைத்துனனுக்கு நேற்று பதில் போட்டேன். “மாப்ள, வீடியோ எல்லாம் வேண்டாம். நாலு வருஷம் எனக்குப் போனது போதும். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு, ரெண்டு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்காரு, நான் சொல்லித் தர்றேன்.”

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “லீவு கிடைக்காது மாமா. அந்த எஸ் எழுத்து வீடியோ மட்டும் அனுப்பி விடுங்க.”

அனுப்பிவிட்டேன்.