ஒரு நாள்தான் இருக்கிறது: பாஸ்டனா, பிலடெல்பியாவா?

அமெரிக்கா பிறந்த ஊர் எது என்று கேட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் மல்லுக்கு நிற்பார்கள். பாஸ்டன்காரர் 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் மக்கள்மேல் நடத்திய துப்பாக்கிச்சூட்டையும், 1773 டிசம்பர் 16 இரவு பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் துறைமுகத் தண்ணீரில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையையும் (‘டீ பார்ட்டி’) எடுத்து வைப்பார். பிலடெல்பியாக்காரருக்கு அவ்வளவு பேச வேண்டியதில்லை. 1776-இல் சுதந்திரப் பிரகடனம், 1787-இல் அரசியல் சாசனம், இரண்டும் எங்கள் ஊரில் ஒரே அறையில் முடிவானவை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஊர்கள் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது நடக்காத காரியம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லீவு ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு பிலடெல்பியாவுக்கு. காரணம் நடை.

பாஸ்டனில் எல்லாரும் போவது ஃப்ரீடம் டிரெயில், பழைய வரலாற்று இடங்களை இணைக்கும் நடைப் பாதை. 4 கிலோமீட்டர், 16 இடங்கள். நடைபாதையில் பதித்த சிவப்புச் செங்கல் வரிசையை, சில இடங்களில் வெறும் சிவப்புப் பெயின்ட்டை, பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே விடும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அது பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, சார்ல்ஸ்டவுனில் ஒரு மேட்டின் மேல் முடிகிற பாதை. திரும்புவது உங்கள் பாடு. முடிகிற இடத்தில் நிற்கும், 1775 சண்டையின் நினைவான பங்கர் ஹில் தூணுக்கு 221 அடி உயரம், 294 படி, லிஃப்ட் கிடையாது. காலையில் துள்ளிய முழங்கால் மூன்று மணிக்கு அந்தப் படிக்கட்டின் முன் வந்து நிற்கும். (சண்டை நடந்ததும் தூண் நிற்பதும் பக்கத்து பிரீட்ஸ் ஹில்லில், பெயர் மட்டும் பங்கர் ஹில்.) நடுவில் செங்கல் தளம் ஏறி இறங்கும், நார்த் எண்ட் பகுதியில் தெருக்கள் குறுகும். சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

பிலடெல்பியாவில் தெருக்கள் கட்டம் போட்டது போல நேர்நேராக, சமதளமாகப் போகின்றன. 5-ஆவது, 6-ஆவது தெருக்களுக்கு நடுவே, பிரகடனமும் சாசனமும் முடிவான அறை உள்ள இன்டிபென்டன்ஸ் ஹால். செஸ்ட்நட் தெருவைக் கடந்தால் லிபர்ட்டி பெல் என்ற விரிசல் விட்ட பழைய மணி. ஹாலுக்கு ஒட்டினாற்போல் காங்கிரஸ் ஹால். 1790 முதல் 1800 வரை இந்த ஊர் தலைநகராக இருந்தபோது நாடாளுமன்றம் கூடியது அங்கேதான். கிழக்கே இரண்டு தெரு தள்ளி, 1774-இல் முதல் கான்டினென்டல் காங்கிரஸ் (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை) கூடிய கார்ப்பென்டர்ஸ் ஹால். வடக்கே நடந்தால் ஆர்ச் தெரு முனையில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கல்லறை. அதற்கு உள்ளே போகாமலே தெருவிலிருந்து கம்பி வழியாகப் பார்த்துவிடலாம். கல்லின் மேல் ஒரு சென்ட் காசுகள் கிடக்கும். சிக்கனம் போதித்தவருக்குக் காசு வீசியே மரியாதை செய்கிறார்கள். விழுந்து விழுந்து கல் குழிந்து, விரிசலும் விட்டு, நிதி திரட்டிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இங்கே சொதப்புவது ஒரே இடத்தில்தான்: ஹாலுக்கு டிக்கெட். நுழைவு இலவசம், ஆனால் வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆளுக்கு ஒரு டாலர் சேவைக் கட்டணத்தில் முன்பதிவு செய்யலாம். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை என்பதால் போகும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள நேரம் சுற்றுலா தொடங்கும் நேரம். அதற்கு முன் பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கிறது. பத்து மணி டிக்கெட்டுக்குப் பத்து மணிக்கு வந்தால் நேரம் தவறிவிடும். அரை மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள், பெரிய பைகளைத் தங்கும் அறையிலேயே விட்டுவிடுங்கள், பெரியவர்கள் இருந்தால் 6-ஆவது தெரு விசிட்டர் சென்டரில் கழிவறைக்குப் போய்விட்டே கிளம்புங்கள்.

ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) உங்களைக் கூட்டிப்போகும் அந்த முக்கிய அறை தரைத்தளத்தில் இருக்கிறது, மாடி ஏற வேண்டாம். மேசை நாற்காலிகளில் பெரும்பாலானவை அசல் அல்ல, அந்தக் காலத்துப் பொருட்களைத் தேடி வைத்தவை. கோபுரமும் 1828-இல் மீண்டும் கட்டியது. ஆனால் எதிரே மேடையில் உள்ள நாற்காலி அசல்: 1787-இல் வாஷிங்டன் உட்கார்ந்து சாசன மாநாட்டை நடத்தியது அதில்தான். முதுகுச் சாய்வின் உச்சியில் பாதிச் சூரியனைச் செதுக்கி, பொன்முலாம் பூசியிருக்கிறார்கள். அது உதிக்கிறதா, மறைகிறதா என்று மாநாடு முழுக்க யோசித்ததாகவும், கடைசி நாளில்தான் உதிக்கிறது என்று தெரிந்ததாகவும் ஃப்ராங்க்ளின் சொன்னதை, மாநாட்டில் கலந்துகொண்ட ஜேம்ஸ் மேடிசன் குறித்து வைத்திருக்கிறார்.

லிபர்ட்டி பெல்லைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். வரிசை நீண்டிருந்தால் செஸ்ட்நட் தெருப் பக்கக் கண்ணாடி வழியே வெளியிலிருந்தே தெரியும். உள்ளே போனால் அந்த அகலமான பிளவை உற்றுப் பாருங்கள், ஓரத்தில் துளையிட்ட தடம் தெரியும். அது பழுதுபார்த்த வேலை. மெல்லிய விரிசலின் இரு விளிம்பும் ஒன்றோடொன்று உரசி ஓசையைக் கெடுத்ததால், 1846-இல் வேண்டுமென்றே அகலப்படுத்தினார்கள். அப்புறமும் இன்னொரு மயிரிழை விரிசல் மேலே ஓடியது. மணியின் வாயை அடைத்தது அதுதான். 1776 ஜூலை 4 அன்று இது ஒலித்தது என்பது பிற்காலத்துக் கதை. பிரகடனத்தை ஹாலின் பின்முற்றத்தில் மக்களுக்கு முதலில் வாசித்ததே ஜூலை 8-இல். பாஸ்டனில் ஓல்டு ஸ்டேட் ஹவுஸ் பால்கனியிலிருந்து வாசிக்க ஜூலை 18 ஆகிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வந்தால் என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாக நிற்காது. பாஸ்டனில் டீ பார்ட்டி கப்பலில் பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் வீசவே விடுகிறார்கள்; நாற்காலியில் செதுக்கிய சூரியன் அதோடு போட்டி போட முடியாது. (அன்று கொட்டியது கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்கு என்றதும் நம்மூர்த் தேயிலையா என்று கேட்பார்கள். இல்லை, சீனத்துத் தேயிலை. அன்றைக்கு இந்தியாவில் தேயிலைத் தோட்டமே கிடையாது.)

பாஸ்டன்தான் என்றால் டிரெயிலின் 16 இடங்களையும் முடிக்க நினைக்காதீர்கள். புரட்சிக்காரர்கள் சாமுவேல் ஆடம்ஸும் பால் ரிவியரும் உறங்கும் கிரேனரி கல்லறைத் தோட்டத்திலிருந்து ஓல்டு சவுத் கூட்ட மண்டபம், ஓல்டு ஸ்டேட் ஹவுஸ், ஃபேனுல் ஹால் வரை ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓல்டு சவுத்துக்கும் ஓல்டு ஸ்டேட் ஹவுஸுக்கும் கட்டணம் உண்டு. மற்ற இரண்டும் இலவசம். சார்ல்ஸ்டவுனையும் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தில் நடக்காமல் லாங் வார்ஃபிலிருந்து ஃபெரியில் போகலாம். அது கொண்டுபோய் விடும் கடற்படைத் தளத்திலேயே கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய போர்க்கப்பல் நிற்கிறது. 1797-இல் நீரில் இறக்கியது, ஆகவே புரட்சியோடு அதற்கு நேர்த்தொடர்பு இல்லை. ஆனாலும் ஏறிப் பார்க்க ஆசையிருந்தால் திங்கட்கிழமையைத் தவிருங்கள், 18 வயது தாண்டியவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெற்றோரின் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப்போங்கள்.