கிளுவை வேலியோரம் ஒரு மேக்ரோ லென்ஸ்: ஆறு வருட அனுபவம்

2019 ஆடியில், சின்னப் பூச்சியை மிகக் கிட்டத்திலிருந்து பெரிதாக எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 19,000 ரூபாய்க்கு வாங்கினேன். அன்றிலிருந்து காங்கேயம் பக்கத்துக் காடுகரைகளில் பட்டாம்பூச்சி தேடி அலைவதற்கு அதுதான் துணை. 2022ல், தள்ளி நின்று எடுக்க ஒரு 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் சேர்ந்துகொண்டது. பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதிய மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. லென்ஸின் ரப்பர் வளையம் தேய்ந்து வழுவழுப்பான பிறகு எழுதியது அதிகம் கண்ணில் படவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள மேக்ரோ லென்ஸ்கள் எல்லாம் இந்த வேலையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரங்காடு என்பது எங்கள் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே காங்கேயம் மாடுகள் மேயும். அந்த வேலிதான் என்னுடைய ஸ்டூடியோ. கிளுவையின் மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்கும். இடையிடையே ஆதொண்டை, விழுதி, சங்கமுள். வேலிக்கு அடியில், ஆடு வாய் வைக்காத ஆடுதின்னாப்பாளை. பட்டாம்பூச்சி பார்க்க மலைக்குத்தான் போகவேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். 2019ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குத்தான் போகவேண்டும், உண்மைதான். ஆனால் வறண்ட நிலத்துக்கென்றே இருக்கும் பூச்சிகள் அந்த மழைக்காட்டில் கிடைக்காது.

முதல் வருடம் எடுத்ததில் தொண்ணூறு சதவீதத்தை அழித்துவிட்டேன். காரணம் தூரம். மேக்ரோ லென்ஸில் 1:1 அளவுக்கு, அதாவது கேமராவின் சென்சாரில் பூச்சியின் நிஜ அளவிலேயே பிம்பம் விழும்படி எடுக்கவேண்டுமானால் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே பதினைந்து செ.மீ.தான் இருக்கும், ஒரு சாணுக்கும் குறைவு. வெயில் ஏறிய பிறகு ஸ்மால் சால்மன் அராப் என்ற பட்டாம்பூச்சி நம்மை அவ்வளவு கிட்டே விடவே விடாது. சங்கமுள் புதரைச் சுற்றித் தாழப் பறக்கும், உட்காரும், நாம் குனிவதற்குள் எழும்பிவிடும். கிட்டே போய்விட்டாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கும்: 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 8க்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். கண் தெளிவாக வந்தால் சிறகு மங்கிவிடும்.

இதற்கு வழி என்று நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, 1:1 ஆசையை விட்டுவிடுவது. முழுப் பட்டாம்பூச்சிக்கு 1:3 போதும், அப்போது ஆழமும் மூன்று நான்கு மி.மீ. கிடைக்கும். இன்னொன்று, கேமராவின் முதுகைச் சிறகுக்கு இணையாகப் பிடிப்பது. மூடிய சிறகைப் பக்கவாட்டிலிருந்து, சுவரில் மாட்டிய படத்தை எடுப்பதுபோல நேராக எடுத்தால் எஃப் 8லேயே நுனி முதல் நுனி வரை துலங்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகவேண்டாம், காற்று சும்மா இருக்காது. ஆட்டோஃபோகஸ் மெல்லிய சிறகைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மேனுவலில் ஃபோகஸை ஒரு அளவில் நிறுத்திவிட்டு உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, தெளியும் நொடியில் அழுத்துகிறேன். கை பழக ஒரு வருடம் பிடித்தது.

ஆனால் படம் உண்மையில் மேம்பட்டது செடிகளை அறிந்த பிறகுதான். பறக்கிற பூச்சியின் பின்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு, அது வந்தே தீரவேண்டிய செடிக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினேன். எருக்குக்கு வெந்தய வரியன் வரும். விழுதிக்கு கிரிம்சன் டிப். ஆடுதின்னாப்பாளைக்கு ரோஜா அழகி. சரக்கொன்றைக்குக் கொன்னை வெள்ளையன், பெயரிலேயே செடி இருக்கிறது. முட்டையிட வந்த பெண் பூச்சிக்கு இலையின் மேல்தான் கவனம். முன்காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்து இடம் தேடும்போது, நாம் நிழல் விழாமல் உட்கார்ந்திருந்தால் நம்மைப் பொருட்படுத்தாது. நிழல்தான் பெரிய எதிரி. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நான் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை.

ஒரு தோட்டத்து ஆத்தா என்னை இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்கண்ணு, வேலியில என்னத்தத் தேடறே?"

"பட்டாம்பூச்சிங்க ஆத்தா."

"அதப் போயி படம் புடிக்கறயா? கருவேப்பிலைய மொட்டையடிக்கிற புழு அதோடதுதான. போன வாரங்கூட மருந்தடிச்சோம்."

அவருடைய வாசலில் மூன்று கறிவேப்பிலைச் செடிகள். புழுவை கேமராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டுவதைப் பார்த்து அப்படிச் சிரித்தார். ஒரு செடிக்கு மருந்தடிக்காமல் விட்டார். இந்த ஆறு வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் பாதி அந்த ஒரு செடியில்தான். கூட்டுப்புழுவின் தோல் கண்ணாடிபோல் ஆகி உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால், மறுநாள் காலையில் கறிவேப்பிலை அழகி வெளியே வரும். ஈரச் சிறகு காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை எங்கேயும் போகாது. மேக்ரோ லென்ஸுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு சாண் தூரமும் அப்போது சரியாக இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு எதற்கும் இந்த லென்ஸை விட்டு வேறொன்றை நான் தொடுவதில்லை.

விடிந்து முதல் ஒன்றரை மணி நேரமும் அப்படித்தான். இரவுக் குளிரில் விறைத்த உடம்பு சூடேறாமல் பறக்க முடியாது. சிறகை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். மயில் வசீகரனும் நீல வசீகரனும் தரையில் அப்படி விரித்து உட்காரும்போது முழங்கை ஊன்றிப் படுத்தே எடுக்கலாம். நெருஞ்சி முள் குத்தும், ஒரு பழைய சாக்கு கையில் இருக்கட்டும். மார்கழியில் இந்த நேரம் நீளும், சித்திரையில் எட்டு மணிக்கே முடிந்துவிடும்.

அதற்கு மேல் ஜூம்தான். 300 மி.மீ.யில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், சிறகடித்துத் தேன் குடிக்கிற எலுமிச்சை அழகியும் மிரளாது. 1:1 கிடைக்காது, கால் பங்கு அளவுதான், உள்ளங்கை அகலப் பூச்சிக்கு அது தாராளம். மாட்டுத் தொட்டி வழிந்து சேறான இடத்தில் ஆண் பூச்சிகள் உப்புச்சத்துக்காகக் கூட்டமாக உறிஞ்சும்போதும் ஜூம்தான் கைகொடுக்கும். ஒன்று மிரண்டால் கூட்டமே எழும்பிவிடும் என்பதால் தூரம் அவசியம்.

ஐப்பசி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோடை மழை தொடங்கும் காலத்தில் மேற்கே மலையை நோக்கிப் போகும் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் சமவெளிக்குத் திரும்புகின்றன. பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பையோ, வேலியோரத்துக் கிலுகிலுப்பையோ, தேள்கொடுக்கோ காய்ந்து நின்றால் போதும், அதில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண்ணைக் கவரும் மணத்துக்குத் தேவையான பொருளை ஆண் பூச்சிகள் அந்தச் செடிகளிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்த வேலையில் இருக்கும்போது மேக்ரோவைச் சிறகில் உரசும் அளவுக்குக் கொண்டுபோனாலும் அசையாது. 2021ல் ஒரு காலை அந்த மாதிரி ஒரு செடிக்கு முன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், அடையாளம் காண்பதற்கு ஒரு பழக்கம் உதவியது. அழகான மேல்பக்கத்தை எடுக்கும் முன், சிறகின் அடிப்பக்கத்தை ஒன்று எடுத்துவிடுவேன். நீலன்கள் என்னும் குட்டிப் பட்டாம்பூச்சிகளைப் பிரித்தறியும் கோடும் புள்ளியும் அடியில்தான் இருக்கின்றன. வெந்தய வரியன் என்று நான் பெயரிட்டு வைத்திருந்த ஒரு படம், பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண் என்று தெரிந்தது. எருக்கின் நஞ்சை உடம்பில் வைத்திருக்கும் வரியனைப் பறவைகள் தொடுவதில்லை, அந்த வேஷத்தை இது போட்டிருக்கிறது. பின்னிறகின் நடுவில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால்தான் வரியன். பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா தளத்தில் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதைக் கற்றேன்.

லென்ஸின் குறைகளுக்கு வருகிறேன். மூன்றாம் வருட அடைமழையில் பையிலேயே வைத்துவிட்டேன், உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. சர்வீஸ் கொடுத்த இடத்தில் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். பூஞ்சை போனது, ஆனால் ஒரு ஓரத்தில் தழும்பு தங்கிவிட்டது. எதிர்வெளிச்சத்தில் படம் கொஞ்சம் வெளிறுகிறது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். கொழுக்கட்டைப்புல்லின் பூஞ்சுணை வளைய இடுக்கில் புகுந்துகொள்ளும், பழைய பல்துலக்கியால் தட்டிவிடவேண்டும். டிரைபாட் வாங்கியது வீண், விரிப்பதற்குள் பூச்சி போய்விடுகிறது. ஒற்றைக்கால் மோனோபாட் பரவாயில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், முதலில் ஜூமை வாங்கச் சொல்வேன். ஒரு வருடம் அதோடு செடிகளைக் கற்றுக்கொண்டு, முட்டையும் புழுவும் கண்ணில் படத் தொடங்கிய பிறகு மேக்ரோ வாங்கினால் பணம் வீணாகாது. நான் தலைகீழாகச் செய்தேன்.

போன வருடம் கொரங்காட்டின் தெற்குப் பக்கக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி இழுத்துவிட்டார்கள். வேலியோடு சங்கமுள்ளும் விழுதியும் போய்விட்டன. அந்தப் பக்கம் சால்மன் அராப் இப்போது வருவதில்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆத்தாவிடம் சொன்னபோது, தன் வேலியிலிருந்து கிளுவைக் குச்சிகளை வெட்டிக்கொள்ளச் சொன்னார். கம்பியை ஒட்டி இருபது குச்சி ஊன்றியிருக்கிறோம். பதினாலு துளிர்த்துவிட்டன, விழுதிக்கு விதை எடுத்து வைத்திருக்கிறேன்.