விழுங்கச் சிரமப்படும் பார்க்கின்சன் நோயாளிக்கு அக்குபங்சரா, விழுங்கும் பயிற்சியா?

என் மாமனாருக்குப் பார்க்கின்சன். கை நடுக்கத்தைவிட எங்களுக்கு இப்போது பெரிய கவலை சாப்பாடுதான். தண்ணீர் குடித்தால் இருமல், மாத்திரை தொண்டையிலேயே நிற்பது, வாயோரம் எச்சில் வழிவது என்று ஒவ்வொன்றாக வந்தபோது வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. திருப்பூரில் இருக்கும் நாத்தனார் அக்குபங்சர் பக்கம். "ஊசிதானுங்க, போட்டுப் பார்த்தா என்ன போயிருது?" என்பது அவர் வாதம். நரம்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் விழுங்கும் பயிற்சி. இரண்டையும் பார்த்தோம், நிலைத்தது பயிற்சிதான். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூளையில் டோபமைன் குறைந்து கை கால் மெதுவாவது போலவே நாக்கும் தொண்டையும் மெதுவாகின்றன. கவளத்தைப் பின்னுக்குத் தள்ள நாக்கு தடுமாறுகிறது. மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்துவிடுகிறது. மதகை அடைக்கிற ஆள் வருவதற்குள் வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் பாய்ந்த கதைதான். எச்சில் வழிவதுகூட அதிகம் ஊறுவதால் அல்ல, விழுங்குவது குறைவதால். நோயாளிகளைக் கேட்டால் மூன்றில் ஒருவர்தான் சிரமம் என்கிறார், கருவி வைத்துச் சோதித்தால் ஐந்தில் நான்கு பேருக்கு இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். இந்த நோயில் புரையே ஏறாமல், ஒரு இருமல்கூட வராமல், உணவு நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். அப்படி வரும் நிமோனியா இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் அதற்கு முன் சோதனை வேண்டும் என்பது இதனால்தான். பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள்.

சரி, அக்குபங்சர். ஈரோடு, திருப்பூர், கோவையில் இந்தப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே பலகைக்குக் கீழே இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று ஊசி. இன்னொன்று ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்புவது. விழுங்கும் சிரமத்துக்கு அக்குபங்சர் உதவும் என்று சொல்லும் ஆய்வுகள் பேசுவது ஊசியைப் பற்றியும், ஊசி வழியாக லேசான மின்சாரம் கொடுப்பதைப் பற்றியும்தான். தாடைக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே இருக்கும் சிவி 23, பிடரியில் மண்டையோட்டுக்குக் கீழே இருக்கும் ஜிபி 20 போன்ற புள்ளிகளில் குத்துவார்கள். அந்த ஆய்வுகளைக் காட்டி, தொட்டு மட்டும் அனுப்புகிறவர்கள் பெயர் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களிடம், அதுவும் சீனாவில் நடந்தவை. பக்கவாதத்தில் முதல் சில வாரங்களில் பலருக்கு விழுங்குவது தானாகவே தேறும். பார்க்கின்சன் அப்படியில்லை, வருடம் போகப் போகக் கூடுகிற நோய். அங்கே கிடைத்த பலனை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் கவனித்தேன்: பல ஆய்வுகளில் ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்குப் பயிற்சியோடு ஊசி. ஊசிக்காரர்களே அடித்தளமாக வைப்பது பயிற்சியைத்தான். மத்திய அரசு 2019-இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்ததை நாத்தனார் எடுத்துச் சொன்னார். உண்மைதான். ஆனால் அது முறைக்குக் கிடைத்த அங்கீகாரம். இந்த நோய்க்கு, இந்தத் தொல்லைக்கு வேலை செய்யும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

எங்கள் அனுபவம் இங்கே மெல்லியது. சில வாரங்கள் ஊசிக்குப் போனோம். மாமாவுக்குக் கழுத்து இறுக்கம் தளர்ந்தது, தூக்கமும் பரவாயில்லை. விழுங்குவது கொஞ்சம் தேறினாற்போல் இருந்தது, ஆனால் அதே சமயத்தில்தான் டாக்டர் சின்டோபா (டோபமைன் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்து) மாத்திரையின் நேரத்தையும் மாற்றியிருந்தார். எது எதன் பலன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

என்னைப் பயிற்சி பக்கம் தள்ளியது ஆய்வுகூட இல்லை. தொடர்ந்து செய்ய முடிகிறதா என்பதுதான். விழுங்குவது வாரத்துக்கு ஒரு நாள் வருகிற தொல்லை அல்ல, வாய்க்கு வாய் வருகிறது. கோபி பக்கத்து கிராமத்திலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நடக்கத் தடுமாறும் மனிதரைக் கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, படுக்கவைத்து, திரும்ப வருவதற்குள் ஒரு வேளை மாத்திரை தவறிவிடும். அவருக்கு மாத்திரை தவறினால் தொண்டையும் இறுகும். ஊசியை நிறுத்தினால் வீட்டில் எஞ்சுவது ஒன்றும் இல்லை. பயிற்சியில் கற்றுக்கொண்டது சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் மாற்றியது தண்ணீர் குடிக்கும் விதம். வாயில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் தொண்டைக்கு வேகமாக ஓடும், மூச்சுக்குழாயும் திறந்திருக்கும். இந்த நோயாளிக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, சின்ன வாயாக, அழுத்தி விழுங்க வேண்டும். எச்சில் பட்ட டம்ளரா என்று மாமா ஒரு வாரம் முகம் சுளித்தார். தனி டம்ளர் ஒன்று எடுத்து வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்தாது, சோதனை பார்த்துத் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பதம். ரசம் சாதம் நோயாளிச் சாப்பாடு என்று நினைப்போம். நீரும் பருக்கையும் கலந்திருப்பதால் அதுதான் அதிகம் ஏமாற்றும். நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையும் அதே ரகம். ராகிக்களியை மெல்லாமல் விழுங்குகிற பழக்கம் இவருக்கு இனி ஆகாது, ஒட்டிக்கொண்டு அடைக்கும். அரிசிம்பருப்புச் சாதத்தை நெய் விட்டுக் குழையக் கடைந்தால் நன்றாக இறங்குகிறது. கட்டியில்லாத கம்பங்கூழும் அப்படியே. நீராகாரத்தின் கெட்டியை அளக்க 10 மில்லி சிரிஞ்சு போதும் (பத்து மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்). தண்டை உருவி, முனையை விரலால் மூடி, பத்து வரை நிரப்பி, பத்து விநாடி ஒழுக விட வேண்டும். IDDSI என்ற சர்வதேசக் கெட்டி அளவுகோலில், மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, எட்டுக்கு மேல் நின்று கொஞ்சமாவது ஒழுகினால் மூன்றாம் நிலை. மாமாவுக்குச் சொன்னது இரண்டாம் நிலை. மாவுப் பொருளால் கெட்டியாக்கிய கஞ்சி, எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பத் திரும்பப் பட்டால் நீர்த்துப்போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருகிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்து, அது வேலை செய்யும் நேரத்தில் தட்டை வைக்கிறோம். பருப்பு, பால் போன்ற புரதம் அதே நேரத்தில் போனால் மருந்து ஏறுவதைத் தடுக்கும், கொள்ளுப் பயறும் அந்தக் கணக்கில்தான். தடையை எதிர்த்து ஊதும் சின்னக் கருவி ஒன்றும் உண்டு. 2010-இல் 60 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வாரம் ஐந்து நாள், நாளுக்கு 25 முறை என நான்கு வாரம் ஊதியவர்களுக்கு மூச்சுக்குழாயின் பாதுகாப்பு கூடியது. மாமாவை ஊத வைப்பது என் மகன் வேலை. சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் கூப்பிடக் கூடாது.

பயிற்சிக்கும் பலவீனம் உண்டு. பார்க்கின்சன் அல்லது மறதி நோய் இருந்த 711 பேரிடம் பார்த்தபோது, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிய நீர்தான் மூச்சுக்குழாயில் இறங்குவதை அதிகம் தடுத்தது. அப்போதும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இறங்கத்தான் செய்தது. அவர்களில் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்ததில், கெட்டி நீரும் தாடை தாழ்த்தலும் நிமோனியாவில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை, கெட்டி நீர் குடித்தவர்களுக்கு நீர்ச்சத்துக் குறைவு சற்று அதிகம். பிறகு, ஒவ்வொரு வேளையும் யாராவது கூட உட்கார வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் இது நடக்காது. மறதி கூடியவருக்குச் சொன்னது நினைவில் நிற்காது. சின்ன ஊர்களில் விழுங்கும் பயிற்சி தெரிந்த தெரபிஸ்ட்டும் எளிதில் கிடைப்பதில்லை. நாங்கள் கோவையில் ஆரம்பித்து, பிறகு வீடியோ காலில் தொடர்கிறோம்.

பக்கத்துத் தெருவிலேயே முறையாகப் படித்தவர் இருக்கிறார், கழுத்து இறுக்கம் தொல்லை தருகிறது என்றால் பயிற்சியோடு சேர்த்து ஊசியும் போட்டுக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரா என்பதை முன்பே சொல்லுங்கள். ஊசியைப் பிரித்துப் புதிதாக எடுக்கிறாரா என்று பாருங்கள். பேஸ்மேக்கரோ மூளைத் தூண்டல் கருவியோ இருந்தால் மின்சார ஊசி வேண்டாம். "இங்கிலீஷ் மாத்திரையை விட்டுட்டு வாங்க" என்று சொல்லும் இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சின்டோபா போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.