குன்னூர் ஈரத்தில் ஒரு டேனிஷ் பாணி டீப்பாய்

குன்னூரில் மரச்சாமான் செய்து விற்கும் சிறிய பட்டறை ஒன்றில் சென்ற ஆண்டு வாங்கிய தேக்கு டீப்பாயைப் பற்றியது இந்த மதிப்புரை. சோபாவின் பக்கத்தில் ஒட்டி வைப்பதற்கான அளவு: 18 அங்குலச் சதுர மேற்பலகை, 20 அங்குல உயரம், கீழே செய்தித்தாள் வைக்கப் பிரம்பு பின்னிய தட்டு. நான்கு உருண்டைக் கால்களும் வெளிப்புறமாகச் சற்றுச் சாய்ந்து, அடியை நோக்கி மெலிந்து செல்கின்றன. விலை 8,500 ரூபாய்.

இந்தத் தோற்றம் 1950களின் டென்மார்க்குக்கு உரியது. ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல் போன்ற வடிவமைப்பாளர்கள் பூவேலைச் செதுக்கல்களை விலக்கிவிட்டு, மரத்தின் ரேகையும் மூட்டின் நேர்த்தியும் கண்ணுக்குத் தெரியும்படி சாமான்களை உருவாக்கினார்கள். அவர்கள் காலத்தில் அங்கே பெரிதும் புழங்கிய மரங்களில் ஒன்று ஆசியாவிலிருந்து கப்பலேறிய தேக்கு. ஆகவே நம் தச்சருக்கு இதில் புதியது வடிவம் மட்டுமே. ஆனால் ‘ஸ்காண்டிநேவியன்’ என்ற பெயரில் இன்று விற்பவற்றில் பல, ரப்பர் மரத்துக்குச் சாயம் ஏற்றியவை. சாயம் பூசாத அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மலையில் மரச்சாமானுக்கு உண்மையான சோதனை ஈரம்தான். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேரும் மாதங்களில் பலகை ஈரத்தை இழுத்துக் குறுக்குவாட்டில் விரியும். பிப்ரவரியின் வறண்ட காற்றில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. இதைக் கருதாமல் மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்தோ பசை போட்டோ இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாத பலகை ரேகை வழியே வெடிக்கும். இந்த டீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் பட்டறையின் மீது எனக்கு மதிப்பு வந்தது. பலகையின் அடியில் திருகாணியால் பிடித்த சிறு மரக்கட்டைகள், சட்டத்தின் உட்புறம் எடுத்த காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நாக்கை மட்டும் நுழைத்துக்கொண்டு நிற்கின்றன. பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் நாக்கு காடிக்குள் நகர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்து குறுகியதையும், கோடை தொடங்கும்போது அது மீண்டும் அகன்றதையும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மேற்பலகையில் இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.

கால்களும் முனையில் கழுந்து (துளைக்குள் பொருந்தும் மெலிந்த முனை) செதுக்கிச் சட்டத்தில் செருகப்பட்டவை. இரும்புத் தகட்டில் திருகும் கால்களைப் போல நாளடைவில் ஆட்டம் காண்பவை அல்ல. விளிம்பைச் சுற்றி மெலிதாக எழுப்பிய வரம்பு, சிந்திய தேநீர் தரைக்கு வழியாமல் தடுக்கிறது. மூலைகளில் தூசி சேர்வது அதற்கான விலை. மெருகு ஆளிவிதை எண்ணெய் மட்டுமே என்பதால் ஈர டம்ளரின் வளையம் பதியத்தான் செய்யும், ஆனால் மென்மையான உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினால் மறைந்துவிடுகிறது. வார்னிஷ் அடித்த பலகையில் இப்படி ஓரிடத்தை மட்டும் சரிசெய்வது எளிதன்று.

குறைகள் இரண்டு. ஒரு காலின் உட்புறம் விரலகலத்துக்கு வெள்ளை மரம், அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம், தெரிகிறது. தேக்கு நீடித்து உழைப்பதெல்லாம் வைரம் எனப்படும் நடுமரத்தால்தான். பூச்சி முதலில் தேடுவது வெள்ளையை. இந்த விலைக்கு அந்தக் கட்டையை ஒதுக்கியிருக்க வேண்டும். அடுத்தது பிரம்புத் தட்டு. பார்வைக்கு இந்த டீப்பாயின் மிக அழகான பகுதி அதுவே என்றாலும், நவம்பரில் பின்னலின் இடுக்குகளில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, மேலே கிடந்த வார இதழ்களிலும் வாடை ஏறிவிட்டது. வெயில் வரும்போதெல்லாம் முற்றத்தில் காயவைப்பது தவிர வேறு வழி தெரியவில்லை.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவர்கள் தயங்காமல் பிரம்போடு வாங்கலாம். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் கீழ்த்தட்டைச் செய்து தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கேட்டால் அதே விலைக்குச் செய்து கொடுக்கிறார்கள்.