கற்பனை நாட்டு மலை ரயில்: ஊட்டி வழியா, பதுளை வழியா?

எழுதிக்கொண்டிருக்கும் கதைக்காக ஒரு நாட்டை வரைந்தேன். பேர் இன்னும் வைக்கவில்லை. கீழே துறைமுகம், 1,800 மீட்டர் உயரத்தில் தலைநகரம், நடுவில் தேயிலை மலை. இரண்டு ஊரையும் சேர்க்கிற ரயில்பாதையில்தான் பாதிக் கதை நடக்கிறது. ரயில் எப்படி மலை ஏறும் என்று முடிவு செய்யவே மூன்று வாரம் போனது.

டார்ஜிலிங் மாதிரியைச் சீக்கிரமே ஓரங்கட்டிவிட்டேன். 610 மில்லிமீட்டர் மட்டுமே அகலமுள்ள குறுகிய பாதை, முன்னும் பின்னுமாக நகர்ந்து ஏறும் திருப்பங்கள் எல்லாம் அழகுதான்; ஒரு நாட்டுச் சரக்கை இழுக்கப் போதாது. அந்த ரயிலில் நான் ஏறியதில்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மிச்சம் இரண்டு. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர்; கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் உண்டு. செங்குத்தான இடங்களில் சுமார் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறிவிடும். இலங்கை மலையகப் பாதையில் பல்லும் இல்லை, சின்ன வண்டியும் இல்லை. கொழும்பில் ஓடும் அதே 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைதான் (பிராட் கேஜ்) 44-க்கு 1 என்ற ஏற்றத்தில் பதுளை வரை போகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,800 மீட்டர் ஏற ஊட்டி முறைக்கு 22 கிலோமீட்டர் போதும். இலங்கை முறைக்கு 79 வேண்டும். என் பள்ளத்தாக்கின் நீளமே 30-தான். சரி, பல்சக்கரமே என்று வரைந்தும் விட்டேன்.

நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு தேயிலைப் பெட்டி மலையிலிருந்து கப்பலுக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் ஞாபகம் வந்தது. அங்கே பிராட் கேஜ் முடிந்து மலை ரயிலின் மீட்டர் கேஜ் தொடங்குகிறது; ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ரயிலுக்கு மாறுவோமே, அது. ஆளுக்கு அது நாலு எட்டு நடை. சரக்குக்கு அப்படியில்லை. ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றணும். அதற்குக் கூலி, கிடங்கு, மழைக்குக் கூரை, காவல். கீழே வேகன் சும்மா நின்றாலும் மேலே அனுப்ப முடியாது. அறுவடை நேரத்தில் மேலே வேகன் இல்லாமல் தேயிலை தேங்கும். பட்டறையும் உதிரி பாகமும் இரண்டு இரண்டு. எழும்பூரில் மீட்டர் கேஜும் சென்ட்ரலில் பிராட் கேஜும் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

ஊட்டி போவது உல்லாசம் என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். தலைநகரத்துக்கே அதுதான் வழி என்றால் அடிவாரத்து ஊர் நாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இலங்கையிலும் குறுகிய பாதையைச் சோதித்துப் பார்த்தார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போன 762 மில்லிமீட்டர் பாதை 1940-களிலேயே மூடப்பட்டது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையை 1990-களில் அகலப்படுத்தினார்கள். கண்டிக்கு 1867-இல் காப்பி ஏற்ற வந்த முதன்மைப் பாதையோ கேஜ் மாறாமலே 1924-இல் பதுளையைத் தொட்டது. இடையில் பட்டிப்பொலவில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம்!

குறை இல்லாமல் இல்லை. வளைவுகள் மிக நெருக்கம், அதனால் வேகம் கிடையாது. கொழும்பு–பதுளை சுமார் 290 கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு தடவை போனேன், முதுகு விட்டுப்போனது. பாதை நீண்டால் மண்சரிவுக்குச் சிக்கும் இடமும் கூடும். கட்டும் செலவில் எது மலிவு என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆனாலும் இலங்கை முறைக்கே மாறினேன். 30 கிலோமீட்டர் பள்ளத்தாக்கில் 79-ஐச் சுருட்டி வைக்க வழி அதே பதுளைப் பாதையிலுள்ள தெமோதரையில் கிடைத்தது. அங்கே பாதை குன்றைச் சுற்றி இறங்கி, தான் கடந்து வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. என் வரைபடத்தில் அப்படி மூன்று சுற்று போட்டிருக்கிறேன்.

பல்சக்கரத்தை அழிக்க மனசு வரவில்லை. தலைநகரத்திலிருந்து மேலே கோட்டைக்கு நாலு கிலோமீட்டர் கிளைப்பாதையாக விட்டுவிட்டேன். அதில் சரக்கு ஏற்றக் கூடாது.