கேன்சருக்கு என்று ஆட்டுப் பூச்சி மருந்தை விற்றார்கள்: 46,800 ரூபாய் போச்சு, அப்பாவின் கீமோவும் தள்ளிப்போச்சு

கை இன்னும் நடுங்குகிறது. இன்று மதியம்தான் அந்த மருந்தை விற்ற மெசேஜ் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். ஆறு வாரமாக "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டவர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்ட இரண்டாம் நாளே கதவைச் சாத்திவிட்டார்கள். 46,800 ரூபாய். வேறு எந்தக் குடும்பமும் இதில் விழுந்துவிடக் கூடாது என்று, ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. நுரையீரலில் புற்றுநோய் என்று பிப்ரவரியில் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் கீமோ ஆரம்பித்தோம். முதல் சுற்று முடிந்ததும் அப்பா வாயில் புண், சோறு இறங்கவில்லை, முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பினார். மெசேஜ் செயலியில் நடக்கும் ஒரு குழுவின் வீடியோ. பெயர் போட மாட்டேன், இதே மாதிரி குழுக்கள் நிறைய இருக்கின்றன.

வீடியோவில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜோ டிப்பன்ஸ் என்பவரின் கதை. நுரையீரல் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவி, மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் சாப்பிட்டுப் பிழைத்தாராம். அப்புறம் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து. "நோபல் பரிசு வாங்கிய மருந்து, மருந்துக் கம்பெனிகள் மறைக்கிறார்கள்" என்றார்கள். தேடிப் பார்த்தேன். 2015-ல் நோபல் கொடுத்திருப்பது உண்மை. அதனால் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பரிசு யானைக்கால் நோய், ஆற்றுக் குருட்டு நோய் போன்ற புழு நோய்களுக்கானது, புற்றுநோய்க்கானது இல்லை என்று அடுத்த வரியிலேயே இருந்திருக்கிறது. நான் அந்த வரிவரை போகவில்லை.

ஆனால் எங்களை விழவைத்தது வீடியோ இல்லை. ஒரு போன். குழுவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். எடுத்தது என் அம்மா. அந்தப் பக்கம் முதலில் கேட்டது, "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான். அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். ஒன்றரை மாதமாக எல்லாரும் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள். அம்மா சாப்பிட்டாரா என்று நான்கூடக் கேட்டதில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள். தன் வீட்டுக்காரருக்கும் இதே நோய், இதே மருந்தில்தான் எழுந்து நடமாடுகிறார் என்று அந்தப் பெண் சொல்ல, போனை வைத்ததும் அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடகு வைத்து முதலில் 28,300 யுபிஐயில் அனுப்பினேன். ஒரு கடையின் கணக்கு இல்லை, தனி ஆளின் பெயரில் இருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து "இரண்டாம் கட்டம்" என்று 18,500. மொத்தம் 46,800.

கூரியரில் வெள்ளை டப்பா இரண்டு, மாத்திரை அட்டைகள் சில, கூடவே மஞ்சள் காப்ஸ்யூல். ரசீது இல்லை. டப்பா மேல் இலை படம் போட்ட பச்சை ஸ்டிக்கர். கூடவே ஒரு கட்டளை: "கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நிறுத்தச் சொல்லுவாங்க." எனக்கு இப்போது எரிவது இந்த ஒரு வார்த்தைதான். பணத்தைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க மாட்டேன்.

மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு, 386. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது. அப்பாவின் கண் வெள்ளையில் மஞ்சள். மருத்துவர் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து குடுக்கறீங்களா?" அம்மா "இல்லீங்க" என்றார். என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன். கீமோவைத் தள்ளிவைத்து அனுப்பினார்கள்.

அன்று சாயந்திரம் சித்தப்பா ஊரிலிருந்து வந்தார். நாற்பது ஆடு வைத்திருக்கிறார். மேசையில் இருந்த டப்பாவைத் திறந்து பொடியை மோந்து பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு லேபிள். மனிதர்களுக்கு அல்ல, விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "அம்மிணி, இது ஆட்டுக்கு ஊத்தற பூச்சி மருந்து. நான் மாட்டு மருந்துக் கடையில சில நூறு ரூபாய்க்கு வாங்கறேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஜோ டிப்பன்ஸ் அதே சமயத்தில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு சிகிச்சை மருந்தின் ஆய்விலும் சேர்ந்திருந்தவராம். வீடியோவில் இது ஒரு வார்த்தை இல்லை. 2019-ல் தென்கொரியாவில் இதே வீடியோ பரவி, ஆட்கள் நாய் மருந்தைத் தேடி அலைந்திருக்கிறார்கள், அந்நாட்டு மருந்துத் துறையே சாப்பிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. கிம் சொல்மின் என்ற நகைச்சுவைக் கலைஞர், அவருக்கும் நுரையீரல் புற்றுநோய்தான், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2021-ல் இறந்துவிட்டார். ஜப்பானில் 80 வயது அம்மா ஒருவர் இதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு, நிறுத்திய பிறகு தேறியதை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கட்டி சுருங்கவில்லை.

"அப்போ பழைய மருந்து எதுவுமே புற்றுநோய்க்கு ஆகாதா சார்?" என்று கேட்டேன். ஆகும் என்றார். ஒரு காலத்தில் தூக்க மருந்தாக இருந்த தாலிடோமைடை இன்று மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆர்செனிக், அதாவது பாஷாணம், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து. ஆனால் இரண்டும் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத் தேறியவை. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று எவ்வளவோ எதிர்பார்த்தார்கள். 3,600-க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. ஆய்வகத் தட்டில் செல் செத்தது என்பதற்கும் மனிதன் பிழைத்தான் என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. ஐவர்மெக்டினும் தட்டில் செல்லைக் கொல்கிறதாம், ஆனால் அந்த அளவு ரத்தத்தில் ஏற வேண்டுமானால் சாதாரணமாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு விழுங்க வேண்டும் என்றார்.

அப்புறம் குழுவில் கேட்டேன். முதல் பதில்: "கல்லீரல் சுத்தமாகுது தங்கச்சி, நல்ல அறிகுறி." கண் மஞ்சளானது நல்ல அறிகுறியாம்! அடுத்து, "அது கீமோவால வந்தது." லேபிள் படத்தைப் போட்டதும், "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு மருந்து வேலை செய்யாது." பணத்தைக் கேட்டதும், "பிரித்த மருந்து திரும்ப எடுப்பதில்லை." சாப்பிட்டீங்களா என்று கேட்ட அந்த அம்மாவின் எண் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. இன்று நீக்கிவிட்டார்கள். அவர் வீட்டுக்காரர் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்றார்கள். காவல் நிலையத்தில், பொருள் வந்துவிட்டதே, அப்புறம் என்ன மோசடி என்றார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது, அதைச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். 46,800 ரூபாய், அம்மாவின் கம்மல், அப்பாவின் கீமோ தள்ளிப்போன 24 நாள். அந்த 24 நாளில் கட்டி என்ன செய்தது என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, அப்பா கூப்பிடுகிறார். இவ்வளவு மட்டும்: டாக்டரிடம் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அந்த நிமிடமே விலகுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி, கல்லீரல் பரிசோதனை எடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். டப்பாவையும் ஸ்டிக்கரையும் எறியாதீர்கள். எங்கள் வீட்டு டப்பா பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோ மேல் இருக்கிறது. திங்கட்கிழமை மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன். சித்தப்பாவும் வருகிறார்.