குட்டிப் பயணத்துக்கும் 500 பாயிண்ட்: அலாஸ்கா ஏர்லைன்ஸின் அட்மோஸ் ரிவார்ட்ஸ்

சியாட்டில் பக்கம் இருந்துகொண்டு போர்ட்லாந்து, ஸ்போகேன், வான்கூவர் என்று பக்கத்து ஊர்களுக்கே அடிக்கடி பறக்கிறவர்கள் எந்த ஏர்லைன்ஸில் மைல் (அடிக்கடி பறக்கிறவர்களுக்கு ஏர்லைன்ஸ் வரவு வைக்கும் பாயிண்ட், சேர்ந்தால் இலவச டிக்கெட் வாங்கலாம்) சேர்ப்பது என்று கேட்டால், நான் தயங்காமல் அலாஸ்கா என்றுதான் சொல்வேன். நீண்ட பயணக்காரர்களுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கலாம். அரை மணி, முக்கால் மணி பறக்கிறவர்களை மதிக்கிற திட்டங்கள் அமெரிக்காவில் குறைந்துகொண்டே வருகின்றன, அலாஸ்கா மட்டும் இன்னும் அவர்களைக் கைவிடவில்லை.

ஒரு காலத்தில் எல்லாரும் பறந்த தூரத்துக்குத்தான் மைல் கொடுத்தார்கள். 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-இல் அமெரிக்கனும் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தன. டெல்டாவில் சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலருக்கு 5 மைல், அதுவும் வரி போக மீதித் தொகைக்கு மட்டும். 50 டாலர் அடிப்படைக் கட்டணம் என்றால் 250 மைல்தான் வரும். அங்கே இருப்பதிலேயே மலிவான பேசிக் டிக்கெட் வாங்கினால் அதுவும் கிடையாது. குட்டிப் பயணத்துக்குக் கட்டணமும் குறைவு என்பதால் வருகிற மைலும் சொற்பம்தான்.

அலாஸ்காவில் கணக்கே வேறு. சியாட்டிலில் இருந்து போர்ட்லாந்து வெறும் 129 மைல் தூரம், ஆனால் இந்தத் திட்டத்துக்கு மைலேஜ் பிளான் என்று பெயர் இருந்த காலத்திலேயே அந்தப் பயணத்துக்கு 500 மைல் வரவு வைத்தார்கள், ஏனென்றால் ஒரு பயணத்துக்குக் குறைந்தபட்சம் 500 என்பது அவர்கள் விதி. 2025 ஆகஸ்டில் ஹவாயன் ஏர்லைன்ஸின் திட்டத்தையும் சேர்த்து அட்மோஸ் ரிவார்ட்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2026 முதல் தூரத்தை வைத்து வேண்டுமா, கொடுத்த பணத்தை வைத்து வேண்டுமா, ஏறிய விமானங்களின் எண்ணிக்கையை வைத்து வேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது வழியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 500 பாயிண்ட். பணத்தை வைத்து என்றால் டாலருக்கு 5, அதாவது 100 டாலர் கட்டணத்தில் இரண்டும் சமம். கம்பெனி செலவில் கடைசி நேரத்தில் 200 டாலருக்கு டிக்கெட் போடுகிறவர் பண வழியை எடுக்கட்டும். சொந்தக் காசில் முன்கூட்டியே 60, 70 டாலருக்குப் போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கை வழியை எடுக்கலாம்.

சரி, 500 பாயிண்ட்டை வைத்து என்ன செய்வது? 700 மைலுக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு வழி இலவச டிக்கெட் 4,500 பாயிண்ட்டிலிருந்து கிடைக்கும், கையிலிருந்து கட்ட வேண்டியது 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம். ஒன்பது தடவை போர்ட்லாந்து போனால் பத்தாவது தடவை சும்மா போகலாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சான் பிரான்சிஸ்கோவும் 679 மைல் என்பதால் அதே வரம்புக்குள் வந்துவிடுகிறது. குட்டிப் பயணத்தில் சேர்த்ததை அங்கே, அதுவும் டிக்கெட் விலை ஏறுகிற நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம் மாதிரியான நாளில், குறைந்த பாயிண்ட்டில் சீட் மாட்டினால், பயன்படுத்துவதுதான் உண்மையான லாபம்.

அடிக்கடி பறக்கிறவர்களுக்குச் சலுகை தருகிற முதல் படியான சில்வர் தகுதிக்கு 20,000 பாயிண்ட் வேண்டும். 40 குட்டிப் பயணத்தில் அது வந்துவிடும். உண்மையில் பறந்த தூரத்தைக் கூட்டினால் போர்ட்லாந்து கணக்கில் 5,160 மைல்தான் இருக்கும். வாராவாரம் போர்ட்லாந்தை ஒட்டிய ஹில்ஸ்பரோ பக்கம் வேலைக்குப் போய் வருகிறவருக்கு, இன்டெல்லை நம்பி அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது ஆறு மாதத்துக்குள் முடிகிற விஷயம்.

குறை சொல்ல வேண்டிய இடம் சேவர் டிக்கெட். இருப்பதிலேயே மலிவானது அதுதான், தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் அதற்கு 30 சதவீதம்தான் தருகிறார்கள். 500 வர வேண்டிய இடத்தில் 150. அதற்காக 30 டாலர் கூடக் கொடுத்து மெயின் (சாதாரண எகானமி) டிக்கெட் வாங்க வேண்டுமா என்றால், பாயிண்ட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம், அந்த 350 பாயிண்ட்டின் மதிப்பு என் கணக்கில் ஐந்தாறு டாலரைத் தாண்டாது. தேதி மாறலாம், விரும்பிய சீட் வேண்டும் என்கிறவர்கள் மெயின் வாங்கட்டும், பாயிண்ட் கூடவே வரும்.

விமானம் பெரும்பாலும் எம்ப்ரேயர் 175. 76 சீட், எகானமியில் இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் மாட்டிக்கொள்கிற சீட்டே கிடையாது. போர்ட்லாந்து போகும்போது இடப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். மேகம் இல்லாத நாளில் ரெய்னியர் மலை பனியோடு இறக்கைக்குப் பக்கத்திலேயே நிற்பதுபோல் தெரியும், கொஞ்ச நேரத்தில் வெடித்துத் தலை இழந்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வரும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் நேரம் மிச்சம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஐ-5 சாலையில் காரில் மூன்று மணி நேரம்தான், ஏர்போர்ட் வரிசை, செக்யூரிட்டி எல்லாம் சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தோடு என்றால் காரே மேல்.

எண்ணிக்கை வழியில் இன்னொன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் போனால் ஒரு விமானம், 500. போர்ட்லாந்தில் இறங்கி மாறினால் இரண்டு விமானம், 1,000. சில பேர் இதற்காகவே சுற்றிப் போகிறார்கள். விலை குறைவாக இருந்தால் போகலாம், வெறும் பாயிண்ட்டுக்காக மூன்று மணி நேரம் ஏர்போர்ட்டில் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர்காலத்தில் இணைப்பு விமானம் தவறினால் அன்றைய நாளே போச்சு.

இந்தத் திட்டம் யாருக்கு அதிகம் உதவும் என்றால் ஹவாய்க்காரர்களுக்கு. ஹொனலுலுவிலிருந்து மாவி தீவின் கஹுலூயி 100 மைல். நடுவில் கடல், சாலை கிடையாது, ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீட்டுக்கும் விமானத்தில்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களின் 100 மைல் பயணத்துக்கு 500 தருவது நியாயமான ஏற்பாடு என்று மனதார நினைக்கிறேன்.

ஊருக்குப் போகவும் இது உதவும். அலாஸ்கா 2021-இல் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் சேர்ந்தது. அதே கூட்டணியில் உள்ள கத்தார் ஏர்வேஸ் சியாட்டிலிலிருந்து தோஹாவுக்கு நேராகப் பறக்கிறது, அங்கிருந்து சென்னை. லண்டன் வழி பிரிட்டிஷ் ஏர்வேஸும் இருக்கிறது. அந்த டிக்கெட்டுகளில் அலாஸ்கா கணக்கு எண்ணைக் கொடுத்தால் பாயிண்ட் இங்கேயே வந்து சேரும், எவ்வளவு என்பது டிக்கெட் வகையைப் பொறுத்தது.

கணக்குத் தொடங்கும்போது நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், அல்லது முதல் பெயர் இல்லாமல் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விசாவில் போட்டிருப்பார்கள், நாமோ கணக்கில் இனிஷியலோடு கூப்பிடுகிற பெயரைக் கொடுத்திருப்போம். டிக்கெட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் பாயிண்ட் ஏறாமல் நின்றுவிடும். எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள், பாயிண்ட் வந்து சேரும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.